வழி சொல்லும் போனும் வழி தெரிந்த மூளையும்

போனில் வழிகாட்டும் மேப்பைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும்போது கவனித்திருப்பீர்கள்: நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும், போகும் திசைதான் திரையின் மேல்பக்கமாக இருக்கும். ஊரே நம்மைச் சுற்றித் திரும்புகிறது. வடிவமைப்பாளர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. திரையில் இடது என்றால் ரோட்டிலும் இடதுதான், குழப்பமே இல்லை. போக்குவரத்து நெரிசலில் இது பெரிய உதவி.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் பொருத்திப் பார்க்கும் வேலை இதில் நின்றுபோகிறது. அந்த வேலையைச் செய்வது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி. அங்கே, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்புச் செல்களை 1971இல் அறிவித்தார் மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப். 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இந்தப் பகுதி பழக்கத்தால் மாறவும் செய்யும். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். படித்து முடிக்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு 2000இல் காட்டியது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே? 2011இல் வெளியான ஆய்வில், இந்த உரிமத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களை ஆரம்பத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

சரி, கருவியே வழி சொன்னால் என்ன ஆகிறது? 2017இல் மூளை ஆய்வாளர் ஹ்யூகோ ஸ்பியர்ஸின் குழு, 24 பேரை மூளை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னது. புதுத் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. பிரியும் வழிகள் அதிகமாக இருந்தால் இன்னும் அதிகமாக. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கருவியே சொன்னபோது அந்தத் துடிப்பு எழவில்லை. தெருக்கள் அதே தெருக்கள்தான். எங்கே திரும்புவது என்ற முடிவு அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான், போகும் திசையை மேலே வைத்துக் குரலில் வழி சொல்லும் மேப்பின் இயல்புநிலை அமைப்பு சின்ன விஷயம் இல்லை என்கிறேன். பெரும்பாலானவர்கள் அதை மாற்றுவதே இல்லை. கூகுள் மேப்ஸில் திசைகாட்டிச் சின்னத்தைத் தொட்டால் வடக்கு மேலே வந்து நிற்கும். நல்ல வசதி, ஆனால் அதை இப்படி ஒரு மூலையில் ஒதுக்கியிருக்க வேண்டாம். கிளம்பும் முன் முழு வழியையும் ஒருமுறை வடக்கு மேலே இருக்கும்படி பார்த்துவிட்டு, தெரிந்த ஊர் என்றால் குரலை அணைத்துவிடுங்கள். அடுத்த முச்சந்தியில் எந்தப் பக்கம் என்று நீங்களே யோசிக்க வேண்டிவரும்.