கடல் ஒரு சாலையை எப்படித் தின்கிறது?

புதுச்சேரி கடற்கரைக்கு 2000-களில் போனவர்களுக்குத் தெரியும்: பெயர்தான் பீச், மணல் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சாலை, நடைபாதை, அதை ஒட்டிக் கருங்கல் குவியல், உடனே கடல். அந்தக் கற்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல. சாலை கடலுக்குள் போய்விடாமல் இருக்கப் போட்டவை.

உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. அளவில் ஏறியது. கேட்கச் சின்னக் கணக்குதான். ஆனால் ஓர் அலை எங்கே உடையும் என்பதை நீரின் ஆழம்தான் முடிவு செய்கிறது. ஆழம் கூடினால், முன்பு தூரத்திலேயே உடைந்து அடங்கிய பெரிய அலைகள் கரைவரை வந்து மோதும். போதாததற்கு, புயல் கிளப்பும் நீரும் இந்த உயர்ந்த மட்டத்தின் மேல்தான் ஏறி நிற்கிறது.

சரி, அலை மோதினால் சாலை உடைந்துவிடுமா? பெரும்பாலும் நேராக உடைவதில்லை. அலையில் கால் நனைய நின்றால் குதிகாலுக்கு அடியில் மணல் உருவிக்கொண்டு போகுமே, சாலைக்கும் முதலில் அதுதான் நடக்கிறது. அடியில் மண் போய்விடும். மேலே தார் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒரு லாரி ஏறினால் சரிந்துவிடும்.

இரண்டாவது வழி பலர் எதிர்பார்க்காதது. சாலையைத் தாண்டி வழியும் நீர் நிலப்பக்கச் சரிவில் வேகமெடுத்து இறங்கி, அங்குள்ள மண்ணை அரிக்கும். அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கி வந்து தாரின் அடியைக் குடைந்துவிடும். கடலைப் பார்த்த பக்கம் பத்திரமாக இருக்க, முதுகுப்பக்கம் சாலை உடையும்.

மூன்றாவது, ஓசையே இல்லாதது. கடல் ஏறினால் கரையோர நிலத்தடி நீரும் ஏறும். தாருக்குக் கீழே இருக்கும் ஜல்லியும் கிராவலும் ஊறிப்போனால் பாரம் தாங்கும் பலம் குறையும். வண்டிகள் போகப்போக, ஊறிய நுண்மண் பிதுங்கி வெளியேறும். அப்புறம் விரிசல், பள்ளம். மறுபடி தார் ஊற்றி என்ன பயன்?

கல்லைக் கொட்டுவதுதான் எல்லா ஊரிலும் கைக்கு முதலில் வரும் வைத்தியம். பெரிய கற்களின் இடுக்குகளில் அலையின் வேகம் கொஞ்சம் செத்துப்போகும். கல்லுக்கு அடியில் நீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் செயற்கை இழைத் துணியை விரிக்க வேண்டும். விரிக்காவிட்டால் மண் இடுக்கு வழியாகவே கசிந்து போய்விடும். இருந்தும், திரும்பியடிக்கும் அலை கல்லின் காலடி மணலை வாரிக்கொண்டு போகிறது. கல் இறங்குகிறது, மேலே இன்னும் கல் கொட்டுகிறார்கள்.

புதுச்சேரியில் மணல் காணாமல் போனதற்குக் கடல் மட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான். 1980-களில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் அவற்றுக்குத் தெற்கே தேங்கியது, வடக்கே கரை பட்டினி கிடந்தது. நகரக் கரைக்குக் கல் போட்டதும் அரிப்பு இன்னும் வடக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழியில் போனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்பு அமைப்பு ஒன்றை மூழ்கவைத்தார்கள். அலை அதன்மேல் ஏறி உடைந்து சோர்ந்துபோவதால், அதன் பின்னால் மணல் தங்கத் தொடங்கியது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். அடுத்த ஆண்டே அங்கே மக்கள் மணலில் உட்கார முடிந்தது. அலை தன் பலத்தையெல்லாம் அந்த மணலில் செலவழித்துவிடுவதால் சாலைக்கு வந்துசேர்வது மிச்சம்தான்.

சாலையை உயர்த்தலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவின் மயாமி பீச்சில் சில தெருக்களை உயர்த்தி, பம்புகளும் வைத்தார்கள். கடைவாசல்கள் சாலையை விடத் தாழ்ந்துபோயின. சாலை போட்டுப் போட்டே வீடு பள்ளமான சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் மணல்தீவுகளில் ஓடும் 12-ஆம் நெடுஞ்சாலைக் கதை வேறு. 2011-இல் ஐரீன் புயலின்போது காயல் பக்கத்து நீர் பாய்ந்து தீவையே அறுத்துச் சாலையைத் துண்டித்தது. கடைசியில் ரோடாந்தே ஊருக்கு வடக்கே, அடிக்கடி உடைந்த பகுதியைக் கைவிட்டு, காயலுக்குள் வளைந்துபோகும் சுமார் 4 கி.மீ. பாலத்தை 2022-இல் திறந்தார்கள். அங்கே விலகிப்போக இடம் இருந்தது. புதுச்சேரிச் சாலைக்குப் பின்னால் ஒட்டியே நகரம் நிற்கிறது. அதனால் துறைமுகச் சுவர்கள் இருக்கும்வரை, அவை மறிக்கும் மணலை வடக்கே எடுத்துப்போடும் வேலையும் ஆண்டுதோறும் நடந்தாக வேண்டும்.