ஓட்டல் சாப்பாட்டில் கரப்பானோ கண்ணாடியோ கிடந்தால்: எங்கே, எப்படிப் புகார் செய்வது

ஓட்டல் சாப்பாட்டில் கரப்பான், பிளேடு, கண்ணாடிச் சில்லு என்று எது கிடந்தாலும் சட்டப்படி போக இரண்டு வழிகள் உண்டு. உணவு பாதுகாப்புத் துறை ஓட்டல் மீது நடவடிக்கை எடுக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தரும். இதைப் பிரித்துப் பார்க்காமல், துறையில் புகார் கொடுத்துவிட்டுப் பணம் வரும் என்று காத்திருந்தால் ஆணையத்துக்குப் போவதற்கான இரண்டு ஆண்டுக் காலக்கெடு ஓடிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஒன்று இன்னொன்றுக்குத் தடையில்லை.

எந்த வழியில் போனாலும், மேசையை விட்டு எழுவதற்கு முன் சேர்க்கும் ஆதாரம்தான் வழக்கைத் தாங்கும். கிடந்த பொருளை வெளியே எடுத்துத் துடைக்காதீர்கள். கரப்பானின் இறக்கைக்குள் மசாலா ஏறியிருப்பதும், குழம்பு ஒட்டிய கண்ணாடிச் சில்லும்தான் அது சமையலறையிலிருந்தே வந்தது என்று காட்டும். 'வாடிக்கையாளரே போட்டுக்கொண்டார்' என்பதுதான் ஓட்டல் தரப்பின் வழக்கமான வாதம். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தட்டு, மேசை எண், ஊழியர் சொல்லும் பதில், கடைப் பலகை எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல் இருக்கட்டும்.

"தட்டைக் கொடுங்க சார், வேற தர்றோம்" என்பார்கள். கொடுக்காதீர்கள், உள்ளே போன தட்டு திரும்பி வராது. "காசு வேண்டாம், பில்லும் வேண்டாம்" என்றாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். பணம் கொடுத்து வாங்கியவரைத்தான் சட்டம் நுகர்வோர் என்கிறது. யூபிஐயில் செலுத்தி பில் வாங்குங்கள். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவு பாதுகாப்பு அமைப்பு) உரிம எண் இருக்க வேண்டும். பலகையில் ஒரு பெயரும் உரிமத்தில் வேறு பெயரும் இருப்பது சகஜம். இந்த எண்ணை வைத்து உரிமதாரரின் பெயரைச் சரிபார்க்கலாம். தவறான பெயரில் வழக்குப் போட்டால், உத்தரவு வந்த பிறகு பணம் வசூலிக்கும்போது சிக்கல் வரும்.

மிச்சச் சாப்பாட்டைச் சுத்தமான டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். நடந்ததை இரண்டு வரியில் எழுதி மேலாளரிடம் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால் அதையும் பதிவு செய்யுங்கள். பணம் மட்டும் கேட்டு மிரட்டாதீர்கள். 'இத்தனை லட்சம் தராவிட்டால் வீடியோவைப் போடுவேன்' என்ற ஒரு வரி, உங்கள் மீதே மிரட்டிப் பணம் பறித்த புகாராகத் திரும்பிவிடும்.

வாய் கிழிந்தாலோ, பல் உடைந்தாலோ, வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். எங்கே, என்ன சாப்பிட்டு இப்படி ஆனது என்பது சீட்டில் எழுதப்பட வேண்டும். வெறும் மாத்திரைப் பெயர் மட்டும் இருக்கும் சீட்டு பெரிதாக உதவாது.

தமிழ்நாட்டில் உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மாவட்டத்தில் அந்தத் துறையின் பொறுப்பாளரான நியமன அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகவும் கொடுக்கலாம். உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006 இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு வைத்திருக்கிறது. உணவைத் தீங்கானதாக ஆக்காத அயற்பொருள் என்றால் 54ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் இதை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். புழு, வண்டு, பூச்சி விழுந்த உணவு அப்படியல்ல. சட்டத்தின் வரையறைப்படியே அது 'பாதுகாப்பற்ற உணவு'. அது 59ஆம் பிரிவில் வரும். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. அதனால் புகாரில் 'அசுத்தமாக இருந்தது' என்று பொதுவாக எழுதாமல், கிடந்தது என்ன என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். இழப்பீடு முக்கியமாக நுகர்வோர் ஆணையத்தின் வேலை என்றாலும், இதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி காயத்துக்கு 1 லட்சம் வரையும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையும், மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சமும் இழப்பீடு வழங்க உத்தரவிடலாம்.

பலர் ஏமாறுவது, அலுவலர் உணவு மாதிரி எடுக்கும் கட்டத்தில். அலுவலர் வந்து சேரும்போது அன்றைய குழம்பு தீர்ந்திருக்கும். புதிதாக வைத்த சாம்பாரில் மாதிரி எடுத்தால் அறிக்கை 'பாதுகாப்பானது' என்றுதான் வரும். அதையே ஓட்டல் தன் சாட்சியாக ஆணையத்தில் நீட்டும். உங்கள் தட்டில் கிடந்ததைப் பற்றி அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை என்பதை அப்போதே எழுத்தில் பதிவு செய்யுங்கள். 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம் என்றாலும், அந்த நோக்கத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாதி சாப்பிட்ட பிறகு இந்தப் பிரிவை நம்ப முடியாது. பரிசோதனை தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்திடமே மனுப் போடுங்கள். அது முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்.

உணவுக் கலப்படத்துக்கான பொதுக் குற்றவியல் பிரிவுகளில் வழக்குப் பதியச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு அலைவதில் பயன் குறைவு. இந்த விஷயத்தில் உணவு பாதுகாப்புச் சட்டமே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்திருக்கிறது.

செயலி வழியாக ஆர்டர் செய்திருந்தால் டெலிவரி நிறுவனத்தையும் ஓட்டலையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற வாசகத்தோடு வரும் கூப்பனைத் தொடாதீர்கள்.

ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முயலலாம். சில ஓட்டல்கள் அங்கேயே இறங்கி வரும். வழக்கு என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். வெளியூர் ஓட்டல் என்றாலும் சரி. கட்டணம் பில் தொகையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை என்பதால் 300 ரூபாய் பிரியாணிக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. வக்கீலும் கட்டாயமில்லை. பில், படங்கள், மருத்துவச் சீட்டு, ஓட்டலுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல், பிரமாண வாக்குமூலம் இவற்றோடு எதிர்தரப்பு எத்தனை பேரோ அத்தனை கூடுதல் படிகள் வேண்டும். ஓட்டல் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் பதில் தர வேண்டும். அதைத் தாண்டினால் பதிலை ஏற்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுவோருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.