அம்ப்ளிஃபயருக்குத் தமிழில விரியலாக்கி, ஒலிபெருக்கி இல்லை

ஒலிபெருக்கி எண்டு சொன்னால் உங்களுக்கு என்ன சாமான் நினைவுக்கு வருது? அனேகம் பேருக்கு கோயில் திருவிழாவுக்கு மரத்தில கட்டுற கோண் ஸ்பீக்கர் வரும், சிலபேருக்கு வீட்டில ரீவிக்குப் பக்கத்தில நிக்கிற பெட்டி வரும். ஆனா தமிழில எழுதின ஓடியோ சாமான் விளக்கங்களை எடுத்து வாசிச்சுப் பாருங்கோ, ஸ்பீக்கருக்கும் ஒலிபெருக்கி, அம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கி எண்டு போட்டிருப்பினம். வாசிக்கிற பிள்ளைக்கு எது எதெண்டு எப்பிடி விளங்கும்? அம்ப்ளிஃபயர் மின்னை எடுத்து மின்னைக் குடுக்கிற சாமான், ஸ்பீக்கர் மின்னை எடுத்துக் காத்தை அசைக்கிற சாமான், ரெண்டும் ஒரே அலுமாரியில பக்கத்தில பக்கத்தில இருக்குது எண்டதுக்காக ஒரே பேர் வைக்க ஏலாது.

முதல்ல அம்ப்ளிஃபயர் எண்ட சொல் எங்கயிருந்து வந்ததெண்டு பாப்பம். லத்தீனில ஆம்ப்ளுஸ் எண்டால் அகலமான, பெரிய, விரிவான எண்டு பொருள், பின்னால இருக்கிற ஃபை எண்ட துண்டு ஃபாக்கெரே எண்ட வினையில இருந்து வருது, செய், ஆக்கு எண்டு அர்த்தம். ரெண்டும் சேர்ந்து விரிவாக்கு, பெரிசாக்கு எண்டு வரும். இந்தச் சொல்லு கரண்டுக்குக் கனகாலம் முந்தியது, அது மேடைப்பேச்சுக்காரரிட்ட இருந்த சொல். சுருக்கமாச் சொல்ல வேண்டிய ஒரு கருத்தை எடுத்து விளக்கமா, அழுத்தமா, சபை ஏற்கிற மாதிரி விரிச்சுச் சொல்லுறதைத்தான் உரோமர் ஆம்ப்ளிஃபிகாற்சியோ எண்டு சொன்னவை. எங்களிட்டயும் அதே எண்ணம் பழசிலயே இருக்கு. தொல்காப்பியம் மரபியலில வழிநூல் வகைகளைச் சொல்லேக்க தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு எண்டு நாலு வருது தானே, அந்த விரித்தல் இதே வேலைதான், முதல்நூல் சுருக்கிச் சொன்னதைக் கருத்துக் கெடாமல் அகலமாச் சொல்லுறது. கருத்துக் கெடாமல் எண்டதை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ, பிறகு தேவைப்படும்.

மின் சாமானுக்கு இந்தப் பேர் வந்தது 20ஆம் நூற்றாண்டில. 1904ல லண்டனில ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள்ள மின்னோட்டம் ஒரு பக்கம் மட்டும் போற மாதிரிச் செய்து அதுக்கு வால்வ் எண்டு பேர் வைச்சார். எங்கட பழைய ஆக்கள் இப்பவும் வால்வ் றேடியோ எண்டுதான் சொல்லுவினம், அமெரிக்காக்காரர் மாதிரி ரியூப் எண்டு சொல்லமாட்டினம், ஏனெண்டால் எங்களுக்கு அந்தச் சாமானும் சொல்லும் இங்கிலீஸ்காரனிட்ட இருந்து வந்தது. 1906ல அமெரிக்காவில லீ டி ஃபொறஸ்ட் எண்டவர் அந்தக் குமிழுக்குள்ள மூண்டாவதா ஒரு கம்பிவலையைப் போட்டார், அந்த வலைக்குக் குடுக்கிற சின்ன மின் குமிழுக்குள்ள ஓடுற பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். அதே 1906ல வியன்னாவில லீபன் எண்டவர் தன்ர குமிழுக்குப் பேற்றன்ற் எடுக்கேக்க அதைக் கதோட்டுக்கதிர் றிலே எண்டு சொன்னார். எனக்கு இந்த லீபன் வைச்ச பேர்தான் எல்லாத்திலயும் நேர்மையான பேரெண்டு படுது. றிலே எண்டால் என்ன, சின்ன மின்னோட்டம் ஒண்டு வந்து பெரிய மின்னோட்டம் ஒண்டைக் கட்டுப்படுத்துறது. அம்ப்ளிஃபயருக்குள்ள நடக்கிறது சரியா இதுதான். ஆனா அந்தப் பேர் நிலைக்கேல்லை, அம்ப்ளிஃபயர் எண்டதுதான் நிண்டுட்டுது, அந்தச் சொல்லைக் கேட்டவுடன ஆக்கள் நினைக்கிறது ஏதோ சின்னச் சிக்னல் உள்ளுக்குப் போய் ஊதிப் பெருத்து வெளியில வருது எண்டு. அப்பிடி இல்லை, வந்த சிக்னல் வாசலோட முடிஞ்சிடுது. வெளியில போறது முழுக்கச் சுவரில இருக்கிற பிளக்கில இருந்து வந்த மின், உள்ள வந்த சிக்னலின்ர வடிவத்தில வெட்டி எடுத்தது.

தோட்டத்தில தண்ணி மாறுறவரை யோசிச்சுப் பாருங்கோ. அவர் மண்வெட்டியால ஒரு பிடி மண்ணை வெட்டி இஞ்சால போடுறார், ஒரு வாய்க்கால் தண்ணி முழுக்க மற்றப் பாத்திக்குத் திரும்புது. அந்தத் தண்ணிக்கு வேகம் குடுத்தது கிணத்தடியில ஓடுற மெசின். எந்த நேரம் எந்தப் பாத்திக்கு எவ்வளவு எண்டது மட்டும்தான் அவற்ற கையில.

கணக்காப் பாத்தால் இன்னும் தெளிவா விளங்கும். ஒரு சீடி பிளேயர் கூடினது 2 வோல்ற் அளவில சிக்னல் தரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வோட்ஸ் குடுக்க அம்ப்ளிஃபயர் கிட்டத்தட்ட 28 வோல்ற் குடுக்கவேணும். அப்ப வோல்ற்றளவு கூடினது வெறும் 14 மடங்கு, இதுக்கோ இவ்வளவு பெரிய பெட்டி எண்டு கேப்பியள். வலுவைப் பாருங்கோ. அந்த 2 வோல்ற் போய்ச் சேருற அம்ப்ளிஃபயர் வாசலில தடை 10,000 ஓம் எண்டு வைச்சால் சீடி பிளேயர் குடுக்கிற வலு 0.4 மில்லிவோட்ஸ் தான், வெளியில வாறது 100 வோட்ஸ், இரண்டரை லட்சம் மடங்கு. இந்த இரண்டரை லட்சம் எங்கயிருந்து வந்தது? சீடியில இருந்து வரேல்லை, மின்சார சபையிட்ட இருந்து வந்தது.

இதை எங்கட ஊராக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை, 90களில கரண்ட் இல்லாத வருசங்களில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில றேடியோ கேட்ட சனம் நாங்கள். டைனமோ தாறது ஆடலோட்டம் (ஏசி), அதை ஒரு பக்கம் மட்டும் ஓட விடுற டயோட் போட்டு நேரோட்டமாக்கி (டிசி), மின்னைச் சேர்த்து வைக்கிற ஒரு கப்பாசிட்டரும் போட்டு றேடியோவுக்குக் குடுக்கிறது. சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற் 3 வோட்ஸ் எண்டு குறிச்சது, பெரிய வலு ஒண்டும் வராது. ஒராள் பெடலைச் சுத்த மற்றாக்கள் சுத்திவர இருந்து செய்தி கேப்பினம், சுத்துறவற்ற கை ஓய்ஞ்சால் செய்தி வாசிக்கிறவற்ற குரல் கம்மிப்போகும், திருப்பி வேகமாச் சுத்தக் குரல் எழும்பும். ஸ்டேசன் அதே ஸ்டேசன், காத்தில வாற சிக்னலும் அதே சிக்னல், மாறினது கையின்ர வலு மட்டும்தான். அம்ப்ளிஃபயர் எண்டது என்னெண்டு இதைவிடத் தெளிவா ஒரு ஆய்வுகூடமும் காட்டாது.

அதாலதான் விலைகூடின அம்ப்ளிஃபயருகளைத் தூக்க ரெண்டு பேர் தேவைப்படுது. உள்ள கனமா இருக்கிறது ட்ரான்ஸ்ஃபோமர், அதுக்குப் பக்கத்தில பெரிய கப்பாசிட்டருகள், வெளியில ரெண்டு பக்கமும் அலுமினியத்தில செதில் செதிலா, சூட்டை வெளியேத்துற ஹீற் சிங்க். பாட்டில தவில் ஒரு அடி விழேக்க ஒரு கணத்துக்கு நிறைய மின்னோட்டம் தேவைப்படும், அந்த நேரம் ட்ரான்ஸ்ஃபோமர் மட்டும் நிண்டு பிடிக்காது, கப்பாசிட்டருக்குள்ள சேர்த்து வைச்சதுதான் ஓடிப் போய்க் குடுக்கும். நல்ல கொம்பனிகள் இடது சனலுக்கும் வலது சனலுக்கும் வேற வேற ட்ரான்ஸ்ஃபோமர் போடுறதும் இதுக்குத்தான், ஒரு பக்கம் இழுக்கேக்க மற்றப் பக்கம் தளரக்கூடாது. அழகான முன் பலகை, நீல வெளிச்சம், ஊசி ஆடுற மீற்றர் இதுகளைப் பற்றி நான் இஞ்ச எழுதேல்லை, அதுகள் சத்தத்துக்குச் செய்யிறது ஒண்டுமில்லை.

பெட்டியில 3000 வோட்ஸ் பிஎம்பிஓ எண்டு பெரிசா எழுதி விக்கிற செற்றுகளையும் இந்த விளக்கத்தை வைச்சே பாருங்கோ. பிஎம்பிஓ எண்டால் ஒரு கணத்து உச்ச வலு எண்டு விக்கிறவை சொல்லுற கணக்கு, அதுக்கு எல்லாரும் ஏற்ற ஒரு அளவுமுறை இல்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கோ, 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 60 வோட்ஸ் எண்டு சின்ன எழுத்தில கிடக்கும். சுவரில இருந்து 60 வோட்ஸ் எடுக்கிற சாமான் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 60 வோட்ஸ்கூடக் குடுக்க ஏலாது. அமெரிக்காவில இந்தக் கூத்து முத்திப்போய் 1974ல அரசாங்கமே சட்டம் போட்டுத் தொடர் வலுவைத்தான் விளம்பரத்தில எழுதவேணும் எண்டு சொன்னது. கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டுவாற அம்ப்ளிஃபயருக்கும் அந்தப் பின்தகடுதான் சாதகக் குறிப்பு, 120 வோல்ற் எண்டு மட்டும் இருந்தால் இஞ்ச நேர பிளக்கில குத்திப்போடாதேங்கோ.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவம். தமிழ்நாட்டில பெருக்கி எண்டும் மிகைப்பி எண்டும் எழுதினம். இலங்கையில எங்கட ஏ.எல். (உயர்தர) பௌதிகவியலில விரியலாக்கி. ஒப்பாம்ப் எண்டு பெடியள் சொல்லுறது செயற்பாட்டு விரியலாக்கி, இதைப் படிச்சு எழுதித்தான் எங்கட பிள்ளையள் இஞ்சினியராப் போகினம். விரியல், ஆக்கி எண்டு பிரிச்சுப் பாத்தால் ஆம்ப்ளுஸும் ஃபாக்கெரேயும் துண்டுக்குத் துண்டு அப்பிடியே வந்து நிக்குது. ஆனா எனக்கு அது பிடிச்சதுக்குக் காரணம் அந்த ஒற்றுமை இல்லை. பெருக்கி எண்டால் கணக்கில பெருக்கிறது, ரெண்டு எண்ணை எடுத்து ஒண்டால ஒண்டைப் பெருக்கிறது. இலத்திரனியலில உண்மையாவே அப்பிடி ரெண்டு சிக்னலை ஒண்டோட ஒண்டு பெருக்கிற சுற்றுகள் இருக்கு, அதுக்குத்தான் பெருக்கி எண்ட பேர் சரியாப் பொருந்தும். அம்ப்ளிஃபயருக்கு அந்தப் பேரைக் குடுத்துப்போட்டால் அதுக்கு என்ன சொல்லுறது? மிகைப்பி எண்டால் மிகையாக்கிறது, தேவைக்கு மிஞ்சினது எண்ட சாயல் வருது, நல்ல அம்ப்ளிஃபயர் செய்யவே கூடாத வேலை அது. விரித்தல் எண்டதுக்குள்ள வடிவம் மாறாமல் அகலிக்கிறது எண்ட பொருள் இருக்கு.

வடிவம் மாறாமல் எண்டதுதான் இந்தக் கலையில கஷ்டமான பகுதி. பெரிசாக்கிறது 1910களிலயே ஏலுமாப் போச்சுது, 1915ல நியூயோர்க்கில இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் ரெலிபோன் கதைச்சது வால்வ் அம்ப்ளிஃபயரை இடையில இடையில வைச்சுத்தான். ஆனா ஒவ்வொரு அம்ப்ளிஃபயரும் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கெடுக்கும், கனக்கச் சேரக் குரல் சிதைஞ்சுபோகும். 1927ல பெல் ஆய்வுகூடத்தில வேலை செய்த ஹரோல்ட் பிளாக் எண்டவர் வேலைக்குப் போக ஹட்சன் ஆத்தைப் படகில கடக்கேக்க இதுக்கு விடை கண்டு, கையில இருந்த பேப்பரிலயே படத்தைக் கீறினார். வெளியில வாறதில ஒரு பங்கைத் தலைகீழாக்கித் திருப்பி வாசலுக்குக் குடுத்து, வந்ததோட ஒப்பிட்டுப் பிழையைக் குறைக்கிறது. பெரிசாகிற அளவில கொஞ்சத்தை இழந்து வடிவத்தைக் காப்பாத்துறது எண்டும் சொல்லலாம். இண்டைக்கு வீட்டில இருக்கிற அனேகமான அம்ப்ளிஃபயருக்குள்ள இந்த எதிர்ப் பின்னூட்டல் இருக்கு.

அப்ப ஒலிபெருக்கியை என்ன செய்யிறது? அது ஸ்பீக்கருக்கே இருக்கட்டும், ஊர் முழுக்க வழங்குற சொல்லைப் பிடுங்க ஏலாது, பிடுங்கவும் தேவையில்லை. வீட்டு ஸ்பீக்கர் ஒண்டையும் பெருக்கிறதில்லை எண்டது உண்மைதான், 100 வோட்ஸ் குடுத்தால் 1 வோட்ஸ் அளவு சத்தமா வாறதே பெரிசு, மிச்சம் முழுக்கச் சுருளில சூடாப் போகுது. ஆனா கோயில் கோண் ஸ்பீக்கருக்கு அந்தப் பேர் ஓரளவு பொருந்தும். அந்தக் கூம்பு சின்னத் தகட்டின்ர அசைவைக் காத்தோட ஒழுங்காப் பொருத்தி விடுறபடியால் குடுத்த வலுவில பத்தில ஒரு பங்கு, நல்ல கோண் எண்டால் அதுக்கு மேலயும் சத்தமா வெளியில வரும். அதே அம்ப்ளிஃபயரில வீட்டு ஸ்பீக்கரைக் கொழுவினால் வீதி முனைக்கே கேக்காது, கோணைக் கொழுவினால் அடுத்த குறிச்சிக்குக் கேக்கும். வெள்ளைக்காரன் லவுட்ஸ்பீக்கர் எண்டு பேர் வைச்ச காலத்திலயும் அது கூம்போடதான் இருந்தது.

மற்றச் சொல்லுகளை இதில இருந்து தானா எடுக்கலாம். பிறீ அம்ப் எண்டது முன்விரியலாக்கி, றெக்கோட் ஊசியில இருந்து வாற சில மில்லிவோல்ற்றை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவாறது அதுதான். பவர் அம்ப் எண்டது வலு விரியலாக்கி. தமிழ்நாட்டாக்கள் திறன் எண்டு சொல்லுறதுக்கு நாங்கள் வலு எண்டு எழுதுறம், கதைக்கேக்கயும் வலு நல்லம், வலு கெட்டி எண்டு சொல்லுற ஊருக்கு இதைவிடப் பொருந்தின சொல் கிடையாது. வாயால கதைக்கேக்க அம்ப் எண்டே சொல்லுங்கோ, ஆரும் குறை சொல்லமாட்டினம். எழுதேக்க, முக்கியமாப் பிள்ளையளுக்கு எழுதேக்க, அவையின்ர புத்தகத்தில இருக்கிற சொல்லைப் பாவியுங்கோ.

வகுப்பு எண்டு வாறதிலயும் ஒரு குழப்பம் இருக்கு. கிளாஸ் ஏ, பி, ஏபி, டி எண்டதெல்லாம் சோதினைப் புள்ளி மாதிரித் தரம் இல்லை, மின்னை எப்பிடி எடுத்துக் குடுக்குது எண்ட முறையின்ர பேர். ஏ வகுப்பில வலு விரியலாக்கி ஒருக்காலும் பூட்டாது, எந்த நேரமும் மின்னோட்டம் ஓடினபடி இருக்கும், சனலுக்கு 50 வோட்ஸ் தாற ஒண்டு பாட்டே போடாமல் 200 வோட்ஸுக்கு மேல இழுத்துக்கொண்டு, சித்திரை வெயிலுக்கு அறையை இன்னும் அவிக்கும். டி எண்டது டிஜிற்றல் எண்டதின்ர சுருக்கம் எண்டு கனபேர் நினைக்கினம், அது சி-க்கு அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். அதுக்குள்ள ட்ரான்சிஸ்டர் ஒண்டில் முழுசாத் திறந்திருக்கும், இல்லாட்டி முழுசாப் பூட்டியிருக்கும், செக்கனுக்கு லட்சக்கணக்கான தரம் மாறும், அதால எடுத்த வலுவில 90 வீதத்துக்கு மேல ஸ்பீக்கருக்குப் போயிடும், சூடு குறைவு, பெரிய ஹீற் சிங்க்கும் தேவையில்லை, மின் வழங்கலையும் பாரமில்லாமல் செய்திடினம். தூக்கிப் பாத்து நல்லது கெட்டது சொல்லுற பழக்கம் இதுக்குச் சரிவராது. பின்தகட்டில எவ்வளவு எடுக்குதெண்டு எழுதியிருக்கிற எண்ணைத்தான் இதிலயும் பாக்கவேணும்.