குற்றவாளியோட கதைய விக்கிறப்போ உண்மையில எதை விக்கிறாங்க?

சினிமா, வெப் சீரிஸ் அக்ரிமென்ட் பாத்துக் குடுக்கிற வக்கீல் நான். பெரிய கொலை கேஸ்ல மாட்டினவரோட லைஃப் ரைட்ஸ், அதாவது அவர் வாழ்க்கைக் கதைய படமாக்குற உரிமை, வாங்கியாச்சு, இனி வேற எவனும் இந்தக் கதைய தொட முடியாதுன்னு ப்ரொட்யூசருங்க சொல்லும்போது எனக்கு சங்கடமா இருக்கும். நடந்த சம்பவத்துக்கு யாருமே ஓனர் கிடையாதுங்க.

சென்னையில பல கொலை செஞ்ச ஆட்டோ சங்கர் விஷயத்துலயே சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லிடுச்சு. அவர் ஜெயில்ல எழுதின சுயசரிதைய நக்கீரன் போடப்போகுதுன்னதும் அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்க, விவகாரம் டெல்லி வரைக்கும் போய் 1994ல தீர்ப்பு வந்துது: பொது ஆவணத்துல இருக்கிற அளவுக்கு ஒருத்தர் வாழ்க்கைய அவர் சம்மதமே இல்லாம எழுதலாம், அதத் தாண்டிப் போனாதான் அந்தரங்க உரிமைப் பிரச்சனை வரும்.

அப்ப காசு எதுக்கு? படம் எடுக்கிறவங்க மேல கேஸ் போடமாட்டேன்ங்கிற வாக்குறுதிக்கு, அவர் எழுதின டைரி, லெட்டர், கையில இருக்கிற போட்டோ, உக்காந்து பேசுற நேரம், போட்டிக் கம்பெனிக்கு பேட்டி குடுக்காம இருக்கிறது, அவ்ளோதான். முன்னாள் மனைவிக்காகவோ செத்தவங்க குடும்பத்துக்காகவோ அவர் கையெழுத்து போட முடியாது, ஆனா போட்ட மாதிரியே எழுதின டிராஃப்ட் எல்லாம் வருது!

இந்தப் பணம் குற்றவாளி கைக்குப் போகலாமாங்கிறதுதான் பெரிய சண்டை. நியூயார்க்ல தொடர் கொலை செஞ்ச டேவிட் பெர்கோவிட்ஸ் தன் கதைய வித்து சம்பாதிப்பாரோன்னு பயந்து நியூயார்க் 1977ல ஒரு சட்டம் போட்டுச்சு, அந்தக் காசு மொதல்ல பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு. 1991ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, பேச்சுரிமைய ரொம்ப அகலமா வெட்டுதுன்னு. சின்ன வயசுல பேரிக்காய் திருடினத எழுதின புனித அகஸ்டின் கூட இந்த சட்டத்துல மாட்டுவாரேன்னு தீர்ப்புலயே உதாரணம் வருது. 2001ல மாத்தி எழுதினாங்க, குற்றவாளிக்கு எந்த வழியில 10,000 டாலர் வந்தாலும் பாதிக்கப்பட்டவங்களுக்கு தகவல் போகணும், அவங்க கேஸ் போட்டு வாங்கிக்கலாம். எனக்கு இதுதான் சரியாப் படுது, கதைய தடுக்காதீங்க, காச பிடிங்க. பணக்கார வாரிசு மாதிரி நடிச்சு நியூயார்க்ல பலரையும் ஏமாத்தின அன்னா சோரோகினுக்கு நெட்ஃபிளிக்ஸ் குடுத்த 3,20,000 டாலர்ல ஏறக்குறைய 1,99,000 அவர் ஏமாத்தினவங்களுக்கு நஷ்டஈடாத்தான் போச்சு.

முன்னாள் மனைவியையும் அவங்க நண்பர் ரான் கோல்ட்மேனையும் கொன்னதா குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்க ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்ப்சன் கதை இன்னும் விசித்திரம். கிரிமினல் கேஸ்ல விடுதலை, ஆனா 1997ல சிவில் கோர்ட் 3.35 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு. கட்டாததால கடைசில அவர் பேர்ல எழுதின புத்தகத்தோட உரிமையே 2007ல ரான் கோல்ட்மேன் குடும்பத்துக்குப் போச்சு.

இந்தியாவுல இதுக்குன்னு தனிச் சட்டம் இல்ல. அதனால குடும்பங்க சிவில் கேஸ் போட்டு நஷ்டஈடு கேக்கணும், வருஷக்கணக்கா இழுக்கும். ப்ரொட்யூசருங்ககிட்ட ஒரு பங்க பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒதுக்குங்கன்னு சொல்லிப் பாப்பேன், சிலர்தான் ஒத்துக்குவாங்க.

பாலியல் குற்றம்னா பாதிக்கப்பட்டவங்க அடையாளத்த வெளியிடுறதே குற்றம், பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் சட்டம்) 72வது பிரிவு. குற்றவாளியே பேட்டில பேர சொல்லிட்டார்ங்கிறதெல்லாம் சாக்கு ஆகாது.

உங்க குடும்பத்துல நடந்தத படமா எடுக்கிறோம், சும்மா ஒரு சம்மதக் கடிதம்தான்னு யாராவது பேப்பர நீட்டினா அங்கயே கையெழுத்து போடாதீங்க. இனி எந்தக் காலத்துலயும் வழக்கு போடமாட்டோம்ங்கிற வரி எங்கயோ உள்ள ஒளிஞ்சிருக்கும், அத அடிச்சிட்டுத்தான் மிச்சத்தப் பேசணும்.