கிரகணம் பலித்தது, பலன் பலிக்கவில்லை

1652-ஆம் ஆண்டு மார்ச் 29, திங்கட்கிழமை. லண்டனில் அன்று வேலைக்குப் போக ஆளில்லை, வீட்டைவிட்டு வெளியே வரவும் ஆளில்லை என்கிற அளவுக்கு நாடே மிரண்டு கிடந்தது என்று எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காரணம் ஒரு சூரிய கிரகணம். அரசாட்சிகள் கவிழும், பகல் இருண்டுவிடும் என்று சோதிடர் வில்லியம் லில்லியும், மூலிகை மருத்துவர் நிக்கலஸ் கல்பெப்பரும் ஆளுக்கொரு பிரசுரம் போட்டுப் பயத்தைக் கிளப்பியிருந்தார்கள்.

சொன்ன நாளில் கிரகணம் வந்தது. லண்டனில் சூரியன் முழுதாக மறையக்கூட இல்லை. முழு மறைப்பு அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் போய்விட்டது. கொஞ்சம் மங்கி, மறுபடி வெளுத்து, அவ்வளவுதான். ஊர் சிரித்தது. சோதிடர்களைக் கிண்டலடித்துத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. ஆனால் அடுத்த ஆண்டும் லில்லியின் அல்மனாக் என்ற ஆண்டுப் புத்தகம் கடைக்கு வந்தது, ஜனங்கள் வாங்கினார்கள்.

ஏன் வாங்கினார்கள் என்பதற்கு ‘அந்தக் காலத்து மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அந்தக் குட்டிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தால் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

அல்மனாக்கைப் பஞ்சாங்கம் என்றே சொல்லலாம், ஐந்து அங்கங்கள் அதில் கிடையாது என்றாலும். சட்டைப்பையில் அடங்குகிற புத்தகம். விலை சில பென்னி. மாதத்துக்கு ஒரு பக்கம்: தேதி, கிழமை, தேவாலய விழாக்கள், சூரியன் எழுகிற விழுகிற நேரம், நிலா நிற்கும் ராசி. அதோடு கிரகண நேரங்கள், சந்தை கூடும் நாட்கள், ஊருக்கு ஊர் சாலைத் தூரம், நீதிமன்றம் நடக்கும் பருவங்கள், உலகம் தோன்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்ற கணக்கு. பின்பாதி வருஷ பலன். அதற்கென்று தனி முகப்புப் பக்கமே வைப்பார்கள். 1660-களில் இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பிரதிகள் விற்றன, மூன்று குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில். பைபிளுக்குப் பக்கத்தில் வேறு அச்சுப் புத்தகமே இல்லாத வீட்டில்கூட இது இருந்தது. வெற்றுத்தாள் இடைச்செருகிய பிரதிகளும் கிடைக்கும். அதில் கடன் கணக்கும், மாடு கன்று போட்ட தேதியும் எழுதிக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் நாட்குறிப்பு எழுதியது இப்படி ஒரு வர்ஜீனியா அல்மனாக்கில்தான்.

அல்மனாக் அச்சிடும் ஏகபோகம் 1603 முதல் லண்டனின் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சுக்காரர், புத்தக வியாபாரிகள் சங்கத்தின் கையில் இருந்தது. தாமஸ் கார்னன் என்ற புத்தக வியாபாரி வழக்காடி 1775-இல் அதை உடைத்தார்.

இப்போது முன்பாதிக்கு வருவோம். நிலாவின் வயதை வைத்து நீரேற்றம் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்று உண்டு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 30 நாள். அதற்குள் நிலா சூரியனைவிட ஒரு முழுச் சுற்று, அதாவது 24 மணி நேரம், பின்தங்குகிறது. நாளொன்றுக்கு 48 நிமிடம். ஒரு மணியில் ஐந்தில் நாலு பங்கு. ஆகவே நிலாவின் வயதை நாலால் பெருக்கு, ஐந்தால் வகு, வந்த மணியோடு அந்தத் துறைமுகத்துக்குரிய எண்ணைக் கூட்டு. லண்டன் பாலத்துக்கு அந்த எண் 3. அமாவாசை கழிந்து பத்து நாள் என்றால் 10 × 4 = 40, அதில் ஐந்தில் ஒன்று 8, கூட்ட 3, மொத்தம் 11. பதினொரு மணிக்குத் தேம்ஸில் தண்ணீர் ஏறி நிற்கும். படகோட்டி போய்ப் பார்த்தால் கொஞ்சம் முன்பின்னாக ஏறித்தான் நிற்கிறது. அவனுக்குத் திரிகோணமிதி தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கிரகணமும் அப்படித்தான். அல்மனாக் எழுதியவர்களில் நல்ல வானியல்காரர்கள் இருந்தார்கள். தொழிலால் நில அளவையாளரான வின்சென்ட் விங்கின் அட்டவணைகளை நியூட்டன் படித்துக் குறிப்பெழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1576-இல் தாமஸ் டிகஸ், தன் தகப்பனாரின் பஞ்சாங்கத்தை மறுபதிப்புப் போட்டபோது பின்னிணைப்பாகக் கோப்பர்நிக்கஸின் சூரிய மையக் கொள்கையை ஆங்கிலத்தில் விளக்கி, விண்மீன்கள் எல்லையில்லாமல் பரந்து கிடப்பதாக ஒரு படமும் சேர்த்தார். சூரியன் நடுவில் இருக்கிறது என்ற செய்தி இங்கிலாந்தின் சாதாரண வாசகனுக்கு முதலில் விளக்கமாக எட்டியது வானிலை பலன் சொல்லும் புத்தகம் ஒன்றின் வாலில் ஒட்டிக்கொண்டுதான்.

அட்லாண்டிக்கைக் கடந்தால் இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு தேவை வந்தது. லண்டனில் ஆண்டின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். பாஸ்டன் தெற்கே தள்ளி இருப்பதால் அங்கே பதினைந்தே கால் மணிதான். கடிகார நேரமும் 71 பாகைத் தீர்க்கரேகை வித்தியாசத்தில் நாலே முக்கால் மணி பிந்தும். லண்டன் புத்தகத்தைக் கப்பலில் கொண்டுவந்து பிரயோசனமில்லை, உள்ளூரிலேயே கணக்குப் போட வேண்டும். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் முதல் அச்சகம் வந்ததும் 1639-இலேயே ஒரு அல்மனாக் அச்சானது. பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னால் ஹார்வர்டு கல்லூரியில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் இந்த வேலையைப் பார்த்தார்கள்; 1659-க்கான அல்மனாக்கில் ஜக்கரையா பிரிக்டன் சோதிட பலனுக்குப் பதிலாகக் கோப்பர்நிக்கஸைப் பற்றி எழுதினார்.

இனி பின்பாதி. வருஷ பலன் எப்படித் தயாராகும்? சூரியன் மேஷத்தில் நுழையும் நொடிக்கு ஒரு ராசிச் சக்கரம் போடுவார்கள். பழைய ஜூலியன் நாள்காட்டியில் அது மார்ச் 10-ஐ ஒட்டி வரும். (நமக்குச் சூரியன் மேஷத்தில் நுழைவது சித்திரை ஒன்று. அவர்கள் சம இரவு நாளிலிருந்து ராசியை எண்ணினார்கள், நாம் விண்மீன்களிலிருந்து எண்ணுகிறோம்; வித்தியாசம் அதுதான்.) அந்தச் சக்கரத்தில் எந்தக் கிரகம் வலுத்திருக்கிறதோ அது வருஷ அதிபதி. நம் பஞ்சாங்கத்தில் இந்த வருஷ ராஜா, மந்திரி என்று போடுகிறார்களே, அந்த வகை. செவ்வாய் ஓங்கினால் போர், காய்ச்சல், தீ. சனி ஓங்கினால் பஞ்சம், குளிர், முதியோர் சாவு.

கிரகணத்துக்கு இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வானியலாளர் தாலமி வைத்த விதி இன்னும் சௌகரியமானது. சூரிய கிரகணம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறதோ அத்தனை ஆண்டுகள் அதன் பலன் நீளும். சந்திர கிரகணமானால் அத்தனை மாதங்கள். இரண்டு மணி நேரக் கிரகணத்துக்கு இரண்டு ஆண்டுக் கெடு! அதற்குள் ஐரோப்பாவில் எங்காவது ஒரு பிரபு சாகாமலா இருப்பார்?

ஒரே வானத்தை இரண்டு கட்சியாகவும் படிக்கலாம். 1645-இல் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது ஆக்ஸ்போர்டிலிருந்து அரசர் படை புறப்பட்ட நேரத்துக்குச் சக்கரம் போட்ட ஜார்ஜ் வார்ட்டன், வெற்றி அரசருக்கே என்றார். லில்லி அதே கிரகங்களைப் பார்த்து, இப்போது மோதினால் வெற்றி நாடாளுமன்றப் பக்கம் என்றார். ஜூன் 14-இல் நேஸ்பி போரில் அரசர் தோற்றார். லில்லியின் பெயர் நாடெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் அவர் அல்மனாக் 30 ஆயிரம் பிரதியைத் தொட்டது. இருவரில் ஒருவருக்குப் பலித்தே தீர வேண்டிய பந்தயம் அது. தோற்றவர் பலனை அடுத்த வருஷம் யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்?

பலித்தது தலைவலியாகவும் முடியலாம். லில்லி 1651-இல் வெளியிட்ட புதிர்ப் படங்களில் ஒன்றில் இரட்டையர் இருவர் நெருப்பின் மேல் தலைகீழாகத் தொங்குவார்கள். இரட்டையர் என்றால் மிதுனம், லண்டனுக்குரிய ராசி. 1666 செப்டம்பரில் லண்டன் எரிந்தது. அக்டோபரில் நாடாளுமன்றக் குழு லில்லியைக் கூப்பிட்டு, உனக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது, யார் வைத்த தீ என்று விசாரித்தது. தீ வரும் என்று கண்டதுண்டு, எந்த ஆண்டு என்று கணிக்கவில்லை என்று சொல்லித் தப்பினார். பதினைந்து வருஷம் கழித்துப் பொருத்திப் பார்க்க ஏதாவது ஒரு படம் தோதாக இருக்கும் என்பதை அவர் அந்தக் குழுவிடம் சொல்லியிருக்க முடியாதுதான்.

வானிலை பலனில் கையாண்ட தந்திரம் அச்சுக்கோப்பு சம்பந்தப்பட்டது. மாதப் பக்கத்தில் தேதிகளுக்கு எதிரே ஒரு குறுகிய பத்தி. அதில் ‘இதையொட்டி மழை பெய்யக்கூடும்’ என்ற வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிய்த்து மேலிருந்து கீழே நாலைந்து நாளுக்கு எதிரே தொங்கவிடுவார்கள். மழை எந்தத் தேதிக்கு? ‘மழை’ என்ற சொல் நிற்கும் நாளுக்கா, வாக்கியம் முடியும் நாளுக்கா? பெய்த நாளை வாசகனே எடுத்துக்கொள்ளலாம். பெஞ்சமின் பிராங்ளின் ‘புவர் ரிச்சர்ட்’ என்ற தன் அல்மனாக்கின் 1737 இதழில் இந்தத் தந்திரத்தைத் தானே போட்டுடைத்தார்: முன்னே ஓரிரு நாள், பின்னே ஓரிரு நாள் சலுகை கொடுங்கள், அப்படியும் பலிக்காவிட்டால் பண்டிகை நாட்களை நுழைக்க இடம் தேடி வரியை நகர்த்திவிட்ட அச்சுக்காரனைத் திட்டுங்கள் என்று. அந்த அச்சுக்காரனும் அவரேதான்.

பிராங்ளினின் பெரிய குறும்பு வேறு. 1733-க்கான முதல் இதழில், போட்டி அல்மனாக்காரர் டைட்டன் லீட்ஸ் அக்டோபர் 17, பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு, சூரியனும் புதனும் சேரும் அதே நொடியில் இறந்துவிடுவார் என்று எழுதினார். லீட்ஸின் சொந்தக் கணக்குப்படி 26-ஆம் தேதிவரை தாங்குவாராம்! நாள் கடந்தது. உயிரோடிருந்த லீட்ஸ் கோபமாக, பிராங்ளின் ஒரு பொய்யன், முட்டாள் என்று அச்சில் திட்டினார். என் நண்பர் லீட்ஸ் பண்பானவர், இப்படியெல்லாம் எழுத மாட்டார், ஆகவே இறந்துதான் போயிருக்கிறார் என்று பிராங்ளின் பதில் போட்டார். பாவம், அந்த மனிதர் 1738 வரை வாழ்ந்தார்.

யோசனை பிராங்ளினுடையது அல்ல. 1708-இல் லண்டனில் ஜோனத்தன் ஸ்விப்ட், ஐசக் பிக்கர்ஸ்டாப் என்ற பொய்ப் பெயரில், ஜான் பார்ட்ரிட்ஜ் என்ற அல்மனாக்காரர் மார்ச் 29 இரவு பதினொரு மணிவாக்கில் காய்ச்சலில் சாவார் என்று கணித்தார். நாள் வந்ததும் செத்தேவிட்டார் என்று இன்னொரு பிரசுரமும் போட்டார். நான் சாகவில்லை என்று பார்ட்ரிட்ஜ் கத்தினார். இவ்வளவு குப்பையை உயிரோடிருக்கும் யாராலும் எழுத முடியாதே என்றார் ஸ்விப்ட். சோதிடர்கள் எப்போதும் தவிர்ப்பது பெயர், நாள், நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்வதை. ஸ்விப்ட் செய்தது அதைச் சொன்னது மட்டும்தான்.

கிண்டலுக்கும் அசையாமல் நின்ற பக்கம் ஒன்று உண்டு. உடல் படம். நிர்வாணமாக ஒரு மனிதன், சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள். மேஷம் தலைக்கு, ரிஷபம் கழுத்துக்கு, மிதுனம் தோளுக்கும் கைக்கும், சிம்மம் இதயத்துக்கு, கடைசியில் மீனம் பாதத்துக்கு. நம் சோதிட நூல்களில் வரும் காலபுருஷனேதான். கிரேக்க உலகத்திலிருந்து மேற்கும் கிழக்குமாகப் போன சரக்கு. நிலா ஒரு ராசியில் இரண்டே கால் நாள் தங்கும். அந்த இரண்டே கால் நாளில் அதற்குரிய உறுப்பில் கத்தி படக்கூடாது. மிதுனத்தில் நிலா இருந்தால் கையில் இரத்தம் எடுக்கக்கூடாது. அக்கால மருத்துவர் எதற்கெடுத்தாலும் இரத்தம் எடுத்தார். இந்த விதியால் தள்ளிப்போட்டுப் பிழைத்த நோயாளிகள் சிலராவது இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தவறான காரணத்துக்காகச் செய்த நல்ல காரியம்.

1703-க்கான நியூ இங்கிலாந்து அல்மனாக் ஒன்று பாட்டாகவே புலம்புகிறது: உடல் படம் போடாவிட்டால் புத்தகம் ஒரு குண்டூசிக்குப் பெறாது, நாட்டுப்புறத்தார் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்று. எழுதுபவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் படம் போகிறது.

வாங்குபவன் நிலையில் நின்று பார்த்தால் அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை. மாதப் பக்கத்தில் பல பத்திகள். சூரியோதயம் சரி. பௌர்ணமி சரி. நீரேற்றம் கிட்டத்தட்ட சரி. நிலா இன்று மிதுனத்தில் என்றால், அவர்கள் எண்ணிய ராசிக் கணக்கில் அங்கேதான் நிற்கிறது. அடுத்த பத்தியில் கை என்றும் மழை என்றும் எழுதியிருக்கிறது. அதே மையில், அதே எழுத்தில், அதே ஆள் பெயரில். எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கணக்கு முடிந்து கற்பனை தொடங்குகிறது என்று அச்சில் எந்த அடையாளமும் இல்லை. தினமும் சரிபார்க்க முடிந்த எண்கள், சரிபார்க்கவே முடியாத சொற்களுக்கு ஜாமீன் நின்றன.

எழுதியவர்களுக்கு அந்தக் கோடு தெரியும். ராய்ஸ்டன் என்ற ஊரில் ஹென்றி ஆண்ட்ரூஸ் என்றொருவர் இருந்தார். கப்பல்கள் நிலாவுக்கும் விண்மீனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து தீர்க்கரேகை கண்டுபிடிப்பதற்காக 1767 முதல் வெளிவந்த அரசாங்கத்தின் கடல்வழி அல்மனாக்குக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதில் ஓர் எண் பிசகினால் கப்பல் பாறையில் ஏறும். அதே ஆண்ட்ரூஸ்தான் பிரான்சிஸ் மூர் பெயரில் வந்த சோதிட அல்மனாக்கையும் தயாரித்தார். 1768-இலேயே அது ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அதற்கு ஸ்டேஷனர்ஸ் கம்பெனி அவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 25 பவுண்டு.

அந்த மூர் அல்மனாக்கைப் பற்றி வானியலாளர் பிரான்சிஸ் பெய்லி சொன்ன கதை ஒன்று உண்டு. கம்பெனிக்காரர்கள் ஒரு வருஷம் துணிந்து, நிலா எந்த உறுப்பில் என்ற பத்தியை மட்டும் எடுத்துவிட்டு அச்சடித்தார்கள். சூரியோதயம், கிரகணம், பௌர்ணமி எல்லாம் எப்போதும்போல இருந்தன. போன பிரதிகளில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது.