பாவம், குளிரை விட்டுவிடுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் நீலகிரியின் புறநோயாளிகள் வரிசையில் இந்தக் கால்கள் வரத் தொடங்கிவிடும். உள்ளங்காலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம், கட்டைவிரல் நுனியில் தோல் உரிந்த புண், சில சமயம் குதிகாலில் கருகிய தடம். கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "குளிருக்குக் கணப்புல காலைக் காட்டிட்டு உக்காந்திருந்தேன் டாக்டர், சுட்டதே தெரியலை."

சுட்டது தெரியவில்லை, அதுதான் நோய். புண் அதற்குப் பிறகு வந்தது. கட்டுப் போட வரும் பலரின் கால்கள் பல மாதங்களாக, சிலருக்கு வருடக்கணக்காக, எரிந்தும் மதமதத்தும் சொல்லிப் பார்த்திருக்கும். "ஊட்டிக் குளிரில் யாருக்குத்தான் கால் மரத்துப் போகாது" என்று ஒரு சாக்ஸைக் கூடுதலாக மாட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

நரம்பு வலி அபூர்வமான ஒன்றல்ல. பொதுமக்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நூற்றுக்கு 7 முதல் 10 பேருக்கு நரம்பு சார்ந்த நாள்பட்ட வலி இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ஒரு பஸ்ஸில் 50 பேர் இருந்தால் நாலைந்து பேர். அவர்களில் எத்தனை பேர் அதை நரம்பு வலி என்று தெரிந்து வைத்திருப்பார்கள் என்பது வேறு கணக்கு.

தெரியாமல் போவதற்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாய் நமக்கு நரம்பு. குதிகாலுக்கு மேல் கயிறு போல இழுத்து நிற்கும் தசைநாண் நரம்பு. கெண்டைக்காலில் சுருண்டு கிடக்கும் வெரிகோஸ் குழாயும் நரம்புதான். உண்மையான நரம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. போதாக்குறைக்கு, பஸ் நிலையச் சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரம் ஒட்டி, நரம்பு என்று வாயைத் திறக்கவே ஆண்கள் கூச்சப்படும்படி செய்துவிட்டார்கள்.

சரி, குளிருக்கு வருவோம். குளிரில் கால் மரப்பது உண்மை. ஆனால் அந்த மரப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெளியே இருக்கும்போது வரும். வீட்டுக்குள் வந்து, ஈர சாக்ஸைக் கழற்றி, போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் இருக்காது. விரல் நுனி சிவந்து, வீங்கி, சூடுபட்டதும் அரிப்பெடுத்தால் அது குளிர் வீக்கம். அதுவும் நரம்பு நோய் இல்லை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டால், ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். முக்கியமாக பீடி, சிகரெட் பிடிப்பவர்கள்.

நரம்பு பழுதானவரின் கால் இப்படி நடந்துகொள்ளாது. பகலில் தோட்டத்தில் நிற்கும்போது சும்மா இருந்துவிட்டு, இரவு ரஜாய்க்குள் போன பிறகு ஆரம்பிக்கும். மிளகாய் தேய்த்தது போல எரியும். எறும்பு ஊரும். சுருக்கென்று கரண்ட் அடிக்கும். கம்பளி பட்டாலே வலிக்கும் என்று, மார்கழிப் பனியிலும் காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டிப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்தான் காரணம் என்றால் போர்வைக்குள் சுகமாக அல்லவா இருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், பாதி விடை கிடைத்துவிடும். தரையில் நடப்பது பஞ்சு மெத்தை மேல் நடப்பது போல் இருப்பது, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பது, இரண்டு காலிலும் விரலில் தொடங்கி சாக்ஸ் போட்டது போல மேலே ஏறுவது: இதெல்லாம் வருடம் முழுவதும் இருக்கும். முழங்கால் அளவுக்கு ஏறும் சமயத்தில் கைவிரல் நுனியிலும் தொடங்கும். ஜூன் மழையையும் ஜனவரி உறைபனியையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் வருடங்கள்தான் போகும்.

யாருக்கு வரும்? முதல் இடம் சர்க்கரை நோய்க்கு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு என்றாவது ஒருநாள் நரம்பு பாதிக்கும். சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்கே, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருப்பவர்களுக்கே, பாதம் எரியத் தொடங்குவதுண்டு. "நாங்க மலை ஏறி இறங்குற ஆளுங்க, எங்களுக்கு சுகர் வராது" என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து இறக்கி வையுங்கள். குளிருக்கு ஒரு நாளில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் டீயிலேயே 60 கிராம் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வர்க்கியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது குடி. சாராயம் நரம்பை நேராகவும் கெடுக்கும், சோற்றைக் குறைத்து வைட்டமினைப் பறித்தும் கெடுக்கும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஐசோனியாசிட்டோடு வைட்டமின் பி6 மாத்திரை தருவது இதற்காகத்தான், அதை மட்டும் 'சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடாதீர்கள். கேரட், உருளைக்கிழங்குக்கு மருந்தடிப்பவர்கள் கவனிக்க: சில பூச்சிமருந்துகளின் கடும் நச்சுக்கு ஆளானால், மயக்கம் தெளிந்து வீடு திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடக் கால் சோர்ந்து மரத்துப் போகலாம். அப்போது அந்தப் பழைய சம்பவத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தோலில் வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல் இருந்து, கை கால் விரல் மரத்தால் தொழுநோய்க்குப் பார்த்தாக வேண்டும். ஒழிந்துவிட்ட நோய் என்று நினைப்பதால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

கொழுந்து பறிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து எழுப்பிவிட்டு, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. நாள் முழுக்கப் பறிப்பதும், கத்தரி பிடிப்பதும், கவாத்துக் கத்தி வீசுவதும் அதைக் கூட்டும். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ஆறு வாரம் இரவில் மட்டும் கட்டிப் பாருங்கள், ஆரம்பத்தில் பலருக்கு அதுவே போதும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிட்ட பிறகு வந்தால் அறுவை சிகிச்சைதான், அப்போதும் இழந்த பலம் முழுதாகத் திரும்பும் என்று உறுதி கொடுக்க முடியாது. சுண்டுவிரல் மரத்தால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்தால், மழைக்காக இடுப்பில் கட்டும் தார்ப்பாய்க் கயிறு எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். கயிற்றைத் தளர்த்துவதே அதற்கு முதல் வைத்தியம்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும், பல் தேய்த்தாலோ குளிர்காற்று பட்டாலோ, வினாடிக்கணக்கில் கரண்ட் அடிப்பது போல் வலித்தால் அது முகநரம்பு வலியாக இருக்கலாம். அதற்காக நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. ஒன்று பிடுங்கியும் போகவில்லை என்று அடுத்ததையும்.

அக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அது சின்னம்மை வைரஸ் நரம்பில் பல வருடம் ஒளிந்திருந்து எழுவது. காவி எழுதும் வழக்கத்தோடு சண்டை போடும் எண்ணமில்லை. ஆனால் வைரஸ் மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று நாள் காவி எழுதி, நான்காம் நாள் வந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போயிருக்கும். உடைந்த கொப்புளத்தில் மண்ணைப் பூசினால் சீழும் பிடிக்கும். 50 வயதைக் கடந்தவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் அந்த இடத்தில் மாதக்கணக்கில் எரிச்சல் தங்கிவிடும் அபாயம் அதிகம். கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

இனி அந்தச் சிவப்பு ஊசி. "நரம்பு ஊசி போடுங்க டாக்டர்." அது வைட்டமின் பி12. குறைந்தவர்களுக்கு அது உயிர் மருந்து: சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள், முட்டை, மீன், பால் எதுவும் தொடாதவர்கள், அசிடிட்டி மாத்திரையை நிறுத்தாமல் விழுங்குபவர்கள். ரத்தத்தில் பி12 அளவு 200 pg/mL-க்குக் கீழே என்றால் போடத்தான் வேண்டும். அளவு சரியாக இருப்பவருக்கு அது நிறமுள்ள தண்ணீருக்குச் சமம், சர்க்கரை 300-இல் நிற்கும்போது எத்தனை ஊசி போட்டாலும் பாதம் எரியத்தான் செய்யும். மருந்துக் கடையில் நீங்களே வாங்கும் பி6 மாத்திரை, அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் தானே நரம்பைக் கெடுக்கும்.

வலிக்குத் தரும் மாத்திரைகளிலும் குழப்பம். டைக்ளோஃபினாக் போன்றவை இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின், பிரிகாபலின், காபாபென்டின் இவைதான் தருவோம். உடனே மகன் போனில் தேடிப் பார்த்து, "இது மனநோய் மாத்திரை, அது வலிப்பு மாத்திரை" என்று நிறுத்திவிடுவார். அவர் படித்தது தப்பில்லை; அதே மாத்திரைகள் நரம்பு வலியையும் அடக்கும் என்ற அடுத்த வரியைப் படிக்கவில்லை. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவோம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாள் கேட்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், திடீரென்றும் நிறுத்தாதீர்கள். தூக்கம் வரும். ஆகவே கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுபவர் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லை. கால் வெதுவெதுப்பாக இருக்கும்போது சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லுங்கள். இன்னொருவர் இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒரு வினாடி, இரண்டு வினாடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. தொட்டதும் வலமா இடமா என்று கண்ணை மூடியிருப்பவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையைப் பாருங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்காமல், அப்படியே பாதத்தையும் காட்டுங்கள்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. முகம் கோணி, ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தால் அது பக்கவாதம், 108-ஐக் கூப்பிடுங்கள். பாதத்தில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினால், அல்லது இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் நின்றால், அன்றைக்கே பெரிய மருத்துவமனை. மலைப்பாதையில் ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

உணர்ச்சி குறைந்த காலை வைத்திருப்பவர்கள் இனி கணப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் காலைக் கொண்டுபோகவே கூடாது. வெந்நீர்ப் பை காலடியில் கூடாது. படுக்கை சூடாக வேண்டுமென்றால் முன்னதாகவே வைத்து, படுக்கும்போது எடுத்துவிடுங்கள். கால் கழுவும் தண்ணீரைக் காலால் சோதிக்காதீர்கள், வீட்டில் வேறு யாரையாவது கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். (கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்குபவர்களுக்குக் கால் பிரச்சினையே வராது, அதற்கு முன் மூச்சுப் பிரச்சினை முடித்துவிடும். அதையும் நிறுத்துங்கள்.) தளர்வான கம்பளி சாக்ஸ் போதும், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். கம்பூட்டை மாட்டுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும், உணர்ச்சியில்லாத காலில் மாலைக்குள் குழி விழுந்துவிடும். தோட்டத்திலிருந்து வந்ததும் அட்டை கடித்த இடத்தைத் தேடி, சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். உள்ளங்கால் தெரியும்படி குனிய முடியாத பெரியவர்களுக்கு, தரையில் ஒரு கைக்கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணும் மங்கலாக இருந்தால் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும், தினமும், படுக்கப் போகும் முன்.