குரைப்புக்குக் கிடைக்கும் கூலி

"மூன்று மாதக் குட்டி. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், குரைத்தே ஊரைக் கூட்டிவிடுகிறது. கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றார் கால்நடை டாக்டர். விட்டுப் பார்த்தோம். முன்பைவிட மோசமாகிவிட்டது. அவர் சொன்னது தப்பா?" என்று கேட்கிறார் மதுரை வாசகி ஒருவர்.

தப்பில்லை. மோசமானதுதான் நல்ல செய்தி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பசி, வலி, வெளியே போகவேண்டிய அவசரம் இவற்றுக்காகக் குரைக்கும் குட்டியைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. தாயைப் பிரிந்து வந்த குட்டி ராத்திரியில் அழுதால் பக்கத்தில் போய்ப் படுங்கள். இங்கே பேச்சு, 'குரைத்தால் கிடைக்கும்' என்று கற்றுக்கொண்ட குரைப்பைப் பற்றி மட்டும்.

பலன் கிடைத்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதைப் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்து 1898இலேயே எழுதிவிட்டார் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக். சரி, பலனை நிறுத்தினால்? இதற்கு விடை கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹார்வர்டில் இளம் உளவியல் ஆய்வாளர் ஸ்கின்னர் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும். நடுவில் தீனி போடும் கருவி அடைத்துக்கொண்டது. எலி விடவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது, மறுபடி அழுத்தியது, கடைசியில் விட்டுவிட்டது. அவ்வளவும் வரைகோடாகப் பதிவாகியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். ஆய்வகத்தில் சொல்லக்கூட ஆளில்லை. தான் செத்துப்போனால் கண்டுபிடிப்பும் போய்விடுமே என்று அந்த வார இறுதி முழுக்கச் சாலையை வெகு கவனமாகக் கடந்ததாகப் பின்னாளில் எழுதினார். இன்றைக்கு நிதி கேட்டுப் போகிற ஆய்வாளரிடம் 'மூன்றாண்டில் என்ன பலன்?' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறோம். கருவி அடைத்துக்கொள்வதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

பலன் நின்றதும் செயல் உடனே குறைவதில்லை. பல நேரம் முதலில் எகிறும். ஸ்கூட்டியை நினைத்துப் பாருங்கள். தினமும் பட்டனைத் தொட்டதும் கிளம்புகிற வண்டி ஒருநாள் கிளம்பவில்லை. சும்மா விடுவோமா? அழுத்தி அழுத்திப் பார்ப்போம், உதைப்போம், சாய்த்துக் குலுக்குவோம். பிறகுதான் மெக்கானிக். ஆனால் பத்தாவது உதையில் கிளம்பியே பழகிய ஓட்டை வண்டியாக இருந்தால்? இருபது, முப்பது என்று சளைக்காமல் உதைத்துக்கொண்டிருப்போம்.

மதுரைக் குட்டி இப்போது குலுக்குகிற கட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் தோற்பதும் இங்கேதான். நாலு நாள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஐந்தாம் நாள், குரைப்பு உச்சத்தில் இருக்கும்போது, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று பாட்டி மேசைக்கு அடியில் ஒரு விள்ளல் தோசையை நீட்டுவார். குட்டி கற்றுக்கொண்டது இப்போது மாறிவிட்டது: 'இவ்வளவு சத்தமாக, இவ்வளவு நேரம் குரைத்தால் தோசை உண்டு.' எப்போதாவது கிடைக்கும் கூலி, எப்போதும் கிடைக்கும் கூலியைவிடப் பழக்கத்தை ஆழமாக ஊன்றிவிடும். பாட்டி நல்ல வண்டியை ஓட்டை வண்டி ஆக்கிவிட்டார்.

"சும்மா இரு!" என்று கத்துவதும் பல குட்டிகளுக்குக் கூலிதான். வீடே தன்னைத் திரும்பிப் பார்க்கிறதே! குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் ஷாக் பட்டை வேண்டவே வேண்டாம். விலங்கு நடத்தையைப் படிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைகளைத்தான் பரிந்துரைக்கிறது.

கூலியை நிறுத்தினால் மட்டும் போதாது, அதை அமைதிக்கு மாற்றிக் கொடுக்கவேண்டும். குட்டி மூச்சு வாங்க வாயை மூடுகிற அந்த இரண்டு நொடியில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. அந்தக் கணமே கொடுக்கவேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்து வருவதற்குள் அது மறுபடி குரைத்திருந்தால் பரிசு குரைப்புக்குத்தான் போய்ச்சேரும். அடுத்து ஐந்து நொடி, பிறகு பத்து.

கேட்டுக்கு வரும் தபால்காரரைப் பார்த்துக் குரைப்பது வேறு கதை. அங்கே கூலி கொடுப்பவர் நீங்கள் இல்லை. குரைத்தது, அவர் போய்விட்டார். அவர் எப்படியும் போகிறவர்தான் என்பது குட்டிக்குத் தெரியாது. இங்கே கண்டுகொள்ளாமல் இருந்து பயனில்லை. கேட்டின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு, ஆள் வரும்போதெல்லாம் தீனி கிடைக்கும் என்று பழக்குங்கள்.

நம்மில் பலரும் அந்தக் குட்டியைப் போலத்தான் யோசிக்கிறோம். நாய் ஓயாமல் குரைத்தால் கெட்டது ஏதோ வருகிறது என்று தாயத்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டி வளர்ந்து தானாக அடங்கியதும் புகழ் தாயத்துக்குப் போகிறது. 1948இல் ஸ்கின்னர் புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி போட்டார். ஒரு புறா கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது, இன்னொன்று மேல்மூலையில் தலையை முட்டியது. அதற்கு அவர் தந்த விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் மறுத்தாலும், தாயத்துக் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் புறாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கடைசியாக, வாசகிக்கு: பல நாள் அமைதிக்குப் பிறகு ஒருநாள் குட்டி திடீரென்று பழையபடி குரைக்கும். அணைந்த பழக்கம் இப்படித் தலைதூக்குவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தம் சோதனை நாய்களிடமே பார்த்திருக்கிறார். பயிற்சி வீண் என்று பதறவேண்டாம். அன்றைக்கு மட்டும் பாட்டிக்குச் சாப்பாட்டை வேறு அறையில் போடுங்கள்.